வர எட்டு மணி நேரம், போக மூன்று வருஷம்

பஞ்சாலை என்பவளுக்கு உலகம் தட்டுக் கணக்கில்தான் தெரியும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பயணிகளுக்குச் சாப்பாடு கட்டி விமானத்தில் ஏற்றி அனுப்பும் பெரிய சமையல்கூடம் ஒன்றில் அவள் தட்டு கழுவுகிறாள். பினாங்குக்குத் தட்டே கிடையாது, கடலைப் பொட்டலத்தோடு சரி. சென்னைக்கு ஒரு தட்டு. மெல்பர்னுக்கு ஏறியதும் ஒரு பெரிய தட்டு, இறங்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் தட்டு. லண்டனுக்கு இரண்டு பெரிய தட்டும் நடுவில் ஒரு ரொட்டியும். அதற்கு அப்பாலும் ஊர்கள் இருக்கலாம். அவற்றைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

வீடு கோலாலம்பூருக்குத் தெற்கே, கோலா சாவாவுக்கு உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். தோட்டம் என்று பேர்தானே ஒழிய, குலை வெட்டுவதெல்லாம் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள். தமிழர்கள் லயத்தில் தூங்கி எழுந்து, நீலாய்க்கும் சிரம்பானுக்கும் வேலைக்கு ஓடுகிறார்கள். விடியும் நேரத்தில் கம்பெனி வேன் வந்து கோயில் முனையில் ஹாரன் அடிக்கும். அந்த டிரைவர் பெற்ற தாய்க்குக்கூட ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டான். பஞ்சாலை ஒருநாளும் அவனிடம் பேச்சு வாங்கியதில்லை.

புருஷன் சுகுமாறன் அதே தோட்டத்தில் குலை வெட்டியவர். அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தூக்கித் தூக்கித் தோள் இறுகிப்போன மனிதர். சர்க்கரை வியாதி முதலில் ஒரு கால்விரலை வாங்கிக்கொண்டது, அப்புறம் சிறுநீரகத்தில் கை வைத்தது. வாரத்துக்கு மூன்று தரம் சிரம்பானுக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி வீடு திரும்புவார்.

ஒரே மகன் யோகேந்திரன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஹாலிடே போகிறேன் என்று சொல்லி மெல்பர்னுக்கு விமானம் ஏறினான். அந்த ஹாலிடே இன்னும் முடிந்தபாடில்லை. விசா கொடுத்தது மூன்று மாசத்துக்கு. அது முடிந்த பிறகும் அவன் திரும்பவில்லை. மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே போனால் பழத்தோட்டங்கள். அங்கே பேரிக்காயும் ஆப்பிளும் பறிக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்த ஆளிடம் காகிதம் கேட்பதும் இல்லை. செம்பனைத் தோட்டத்திலிருந்து தப்பித்துப் போனவன் வேறொரு தோட்டத்தில் போய் மாட்டிக்கொண்டான் என்று சுகுமாறன் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு முகம் கறுத்துவிடும்.

இப்படிப் போனவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. பெடாஸ் பக்கம், ரந்தாவ் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒரு பையன் குறைவான். எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்: கம்பெனி பெர்மிட், நல்ல வேலை, லீவுதான் கிடைக்கவில்லை. பஞ்சாலையும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி, லயமே அதை நம்பிவிட்டது.

நிஜம் என்னவென்றால், யோகேந்திரன் அந்த நாட்டுக்குள் இருக்கும்வரை எப்படியோ பிழைக்கலாம். வெளியே காலை வைத்துவிட்டால் கதை வேறு.

"வெளிய போறது ஈஸிலாம்மா," என்று ஒரு தரம் போனில் சொன்னான். "யாரும் தடுக்க மாட்டான். போனப்புறம் மூணு வருஷத்துக்குக் கதவச் சாத்திருவான். அதான் மேட்டரு."

மூன்று வருஷம் என்பது முதலில் பஞ்சாலைக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வந்தால் வரட்டுமே, இங்கே இல்லாத வேலையா என்றுதான் நினைத்தாள். முகுந்தன் பிறந்த பிறகுதான் அந்த மூன்று வருஷத்தின் பாரம் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

முகுந்தன் பேரன். ஏழு மாசம் ஆகிறது. தாய் ரோஸ்லின் கடல் தாண்டிய சபா மாநிலத்திலிருந்து போன பெண், அதே பழத்தோட்டத்தில் வேலை, அவளுக்கும் காகிதம் கிடையாது. அவள் சம்பாத்தியத்தில்தான் சபாவில் மூன்று தம்பி தங்கைகள் படிக்கிறார்கள், அதனால் அவளும் அங்கிருந்து அசைய முடியாது. தாலி இல்லை, பதிவு இல்லை, சர்ச்சும் இல்லை கோயிலும் இல்லை. குழந்தைக்குப் பேர் வைத்தது மட்டும் சுகுமாறன். ரத்தம் சுத்தம் பண்ணும் படுக்கையில் படுத்துக்கொண்டு, போனில் அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்து அவரே மூன்று தரம் கூப்பிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் யார் என்று கேட்டதற்கு, "சொந்தக்காரங்க புள்ள," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

யோகேந்திரனும் ரோஸ்லினும் முறை வைத்துக் குழந்தையைப் பார்த்தார்கள். அவள் பழம் பறிக்கப் போனால் இவன் வீட்டில், இவன் போனால் அவள். தோட்டத்து வாழ்க்கையில் அப்பன் மடியில் வளரும் குழந்தையைப் பஞ்சாலை அதற்கு முன் பார்த்ததில்லை. தான் அப்படி இருக்கவில்லையே என்று சுகுமாறனுக்கு உறுத்தியது. ஒருநாள் சாயங்காலம், கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பையனக் கூப்புடாத."

"என்ன பேச்சு இது? அப்புறம் கொள்ளி யாரு வைக்கிறது?"

"யாரு வச்சாலும் எரியும்லா. அவன் அந்தப் புள்ளைய விட்டுட்டு வரக்கூடாது. அவன் வளர்றப்ப நான் குலைக்குப் பின்னாலேயே ஓடிட்டேன். அவனாச்சும் கூட இருக்கட்டும். எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லு, போதும்."

பஞ்சாலை சரி என்றாள். சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அவள் தேநீர் கலக்கிக்கொண்டு போய் எழுப்பினாள். அவர் எழவில்லை. கோயில் முனையில் வேன் ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது, பிறகு போய்விட்டது. பஞ்சாலை தேநீரைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

தோட்டத்தில் எந்தச் சாவும் தங்கராஜு கையைத் தாண்டிப் போகாது. கோயில் கமிட்டித் தலைவர். தகவல் கிடைத்த அரை மணி நேரத்தில் கூடாரம் வந்துவிடும், ஐஸ் பெட்டி வந்துவிடும், மின்சுடலைக்குப் போன் போய்விடும். நல்ல மனிதர். செத்த வீட்டுக்காரர்கள் ஒரு துரும்பைத் தூக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் அவரே முடிவு பண்ணிவிடுவார். சிக்கலும் அதில்தான் இருந்தது.

"பையனுக்குச் சொல்லியாச்சா தங்கச்சி?"

"சொல்லணும்ணே. ஆனா அவனுக்கு லீவு கெடைக்காது. இன்னிக்கே எடுத்துருங்க. கொள்ளிய அவங்க தம்பி மவன் வைக்கட்டும்."

தங்கராஜு அவளை ஏற இறங்கப் பார்த்தார். துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்துத் தட்டினார்.

"இந்தா, போட்டிருக்கான் பாரு. கோலாலம்பூரு, மெல்பர்ன். ஆறாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பிளைட்டு எட்டு மணி நேரம். எட்டு மணி நேரம்லா பஞ்சாலை! வடக்க பெர்லிஸ்லேருந்து பஸ்ஸுல வர்றவனுக்கே அவ்வளவு ஆவும்."

"அதுக்கில்லண்ணே..."

"பெத்த அப்பன் சாவுக்கு லீவு குடுக்காத முதலாளி எங்க இருக்கான்? நம்ப தொரைமாருங்களே குடுத்தானுங்க. ஒத்த மவன் உசுரோட இருக்கறப்ப அடுத்தவன் கையில கொள்ளியக் குடுத்தா, நாளைக்கு சுகுமாறன் என்னய சும்மா விடுவானா?"

கூடாரத்தில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். ஒருத்தர் ஏழே முக்கால் என்றார். இன்னொருத்தர் எதிர்க்காற்று இருந்தால் எட்டரை என்றார். விமானத்தில் ஏறியே இராத ஒருத்தர், இரவு விமானம்தான் வேகம், வானத்தில் நெரிசல் இருக்காது என்று அடித்துச் சொன்னார். மெல்பர்ன் எவ்வளவு தூரம் என்பது கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பஞ்சாலை அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணே, அவனுக்குப் பெர்மிட்டும் இல்லை ஒன்றும் இல்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது என்று நாலு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். வந்தால் என்ன, இங்கேயே இருக்கட்டுமே என்பார்கள். அப்புறம் ரோஸ்லினைச் சொல்ல வேண்டும், குழந்தையைச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் நடுவில், புருஷனை ஐஸ் பெட்டியில் கிடத்தி வைத்துக்கொண்டு, தாலி கட்டாத மருமகளைப் பற்றிப் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் நேரம் போய்விடும், நேரம் போனால் எடுத்துவிடுவார்கள் என்று நம்பி உள்ளே போய் உட்கார்ந்தாள். பாவம், தங்கராஜுவை அவள் சரியாக எடைபோடவில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். சாவு விழுந்ததும் படமும் குத்துவிளக்கும் போட்டு நோட்டீஸ் தயாராகி, வாட்ஸாப்பில் தோட்டம் தோட்டமாகப் பறக்கும். தங்கராஜு மகள் ரதி அதில் கைதேர்ந்தவள். அப்பா சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். திருவிழாவில் எடுத்த சுகுமாறன் படம், கீழே பிறப்பு இறப்பு, அதற்கும் கீழே: 'அன்னாரின் ஒரே புதல்வர் யோகேந்திரன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்ததும், நாளை சனிக்கிழமை பிற்பகலில் இறுதிச் சடங்கு நடைபெறும்.' வருவானா என்று அவனை யாரும் கேட்கவில்லை. எட்டு மணி நேரப் பயணம், ஒரே மகன், கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பஞ்சாலைக்குப் போன் வந்தபோது அவள் பெண்கள் நடுவில் இருந்தாள். எழுந்து சமையலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியோரம் போனாள்.

"அம்மா, அப்பா செத்துட்டாரா?"

"யாருடா சொன்னா?"

"குரூப்புல வந்துச்சு. நான் வர்றேன்னு போட்டிருக்காங்க. அப்பா செத்தது எனக்குத் தெரியாது, நான் வர்றது ஊருக்கே தெரிஞ்சிருக்கு."

"யோகா, நீ வராத. நான் பேசிக்கிறேன். அப்பா உன்ன வரவேணாம்னு சொன்னாருடா. சத்தியமாச் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரும்மா. எனக்காகச் சொல்லியிருப்பாரு. நான் வரலன்னா அந்தக் கூடாரத்துல அப்பாவ வச்சுக்கிட்டு என்ன பேசுவாங்க? மவன் இருந்தும் அநாதையாப் போனான்னு பேச மாட்டாங்க?"

"பேசிட்டுப் போறாங்க! ரெண்டு நாள் பேசுவாங்க. நீ மூணு வருஷம்டா."

மறுமுனையில் யாரோ ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"முகுந்தன் எங்க?"

"தூங்குறான்," என்றான் யோகேந்திரன். "ரோஸ்லின் பேக் கட்டிட்டா. அவதான் போன்னு சொல்றா. வைக்கிறேன்மா."

அவன் வானத்தில் இருந்த எட்டு மணி நேரமும் பஞ்சாலை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பார்த்தவர்கள் புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அழுதது பேரனுக்காக. முன்னால் கிடக்கும் மனிதரைவிட, பார்த்தே இராத ஒரு குழந்தைக்காக நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இந்நேரம் பெரிய தட்டு கொடுத்திருப்பார்கள், அவன் தொட்டிருக்க மாட்டான். இந்நேரம் சின்னத் தட்டு. அதன் பிறகு இறங்குவதுதான்.

காலையில் காரிலிருந்து அவன் இறங்கியதும் கூடாரமே எழுந்து நின்றது. பஞ்சாலை ஓடிப்போய் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தாள். "ஏன்டா வந்த? ஏன்டா வந்த?" சுற்றி நின்ற பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓவென்று குரலெடுத்தார்கள். அவள் ஒப்பாரி வைக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அவன் ஒருவனுக்குத்தான் அது கேள்வி என்று தெரியும், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மற்றபடி எல்லாம் முறைப்படி நடந்தது. மொட்டை போட்டு, நீர்க்குடம் தூக்கி, அவனே கொள்ளி வைத்தான். அஸ்தியைப் போர்ட்டிக்சன் கடலில் கரைத்தார்கள். தங்கராஜு, "அப்பன் மனசு குளுந்திருக்கும்," என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார்.

"கொஞ்ச நாள் இருக்கேன் மாமா."

"பாத்தீங்களா? ஆத்தாள தனியா விட மனசு வரல. புள்ளன்னா இதுதான் புள்ள."

எல்லாரும் ஆமோதித்தார்கள். பஞ்சாலை ஏனங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தினமும் மதியத்துக்குமேல் ரோஸ்லினிடமிருந்து போன் வரும். யோகேந்திரன் அதை எடுத்துக்கொண்டு லயத்தைத் தாண்டி, முதல் செம்பனை மரத்துக்குப் பின்னால் போய்க் குந்துவான். யாரும் பார்த்துவிடக் கூடாது. ஒருநாள் பஞ்சாலையும் பின்னாலேயே போனாள். அவன் மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டு, நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிக் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். திரையில் முகுந்தன் ஒரு மரப்பெட்டிக்குள் படுத்திருந்தான். ஆப்பிள் போடுகிற பெட்டி. அடியில் துணி விரித்திருந்தது, மேலே இலை நிழல் ஆடியது.

"என்னடா இது? புள்ளைய ஏன் பொட்டியில போட்டிருக்கு?"

அவன் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான். ரோஸ்லின்தான் பேசினாள். இருவருக்கும் மலாய் போதும். அம்மா என்பது மட்டும் தமிழ்.

"வேறென்ன செய்ய, அம்மா? முறை மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. விட்டுவிட்டு வரவும் இடம் இல்லை. கூடவே தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் போடுகிறேன். ஒரு வரிசை பறித்துவிட்டு ஓடி வந்து பார்ப்பேன். நேற்று எறும்பு கடித்துவிட்டது." அவள் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவனைத் திட்டாதீர்கள். நான்தான் போகச் சொன்னேன். என் அப்பா செத்தபோது நான் போகவில்லை."

பஞ்சாலை குழந்தையைப் பார்த்தாள். கன்னத்தில் மூன்று சிவப்புத் தடிப்பு. அது திரையைப் பார்க்கவே இல்லை, எங்கேயோ இலையைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும் மகனிடம் கேட்டாள். "பாஸ்போர்ட்டு எங்க எடுக்கணும்?"

"எங்கிட்ட இருக்கும்மா. அதுல ஒண்ணும் பண்ண முடியாது."

"உனக்கில்ல. எனக்கு."

அவனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் முகம் இன்னும் வாடிப்போனது. "அம்மா, நான் வெளியாவறப்ப ஏர்போர்ட்டுல என் பேர எழுதிக்கிட்டான். நீ விசா கேட்டீன்னா யாரு மவன்னு பாப்பான். உன்னையும் தள்ளிருவான்."

"தள்ளுனாத் தள்ளட்டும். கேக்காமயே நான் ஏன் உக்காந்திருக்கணும்?"

"அப்பா போயி ஒரு மாசம்கூட ஆவல. தாலியறுத்த வீட்ட விட்டு எங்க கெளம்பிட்டாள்னு கேப்பாங்க."

"உங்கப்பா கடைசியாக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. புள்ள பக்கத்துல ஆளு இருக்கணும்னு. அத நீ கேக்கல. நான் கேக்கறேன்."

புதுசாகத் தாலியறுத்தவள் வெளியே கிளம்பினால் துணைக்கு ஒரு பெரிய மனிதர் போக வேண்டும் என்பது லயத்து முறை. அதனால் மறுவாரம் தங்கராஜுவே காரை எடுத்தார். புருஷன் சேமநிதி விஷயமாகச் சிரம்பான் போகிறாள் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். பாஸ்போர்ட் கொடுக்கும் குடிநுழைவுத் துறை அலுவலகத்து வாசலில் நிறுத்தச் சொன்னபோதுதான் முழித்தார். இருந்தாலும் ஒன்றும் கேட்காமல், அவளும் யோகேந்திரனும் போன பின்னாலேயே உள்ளே வந்தார்.

முகப்புக் கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் விரலை வைக்கச் சொன்னாள். கண்ணாடியில் ரேகை விழவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிப் பஞ்சாலையின் விரல்நுனி தேய்ந்து கிடந்தது. துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பேச்சுக்காகக் கேட்டாள், முதல் பயணமா, எங்கே போகிறீர்கள் என்று.

"மெல்பர்ன்," என்றாள் பஞ்சாலை மலாயில். கழுவும் இயந்திரத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், வரிசை முழுக்கக் கேட்டது. "என் பேரன் அங்கே இருக்கிறான். பேர் முகுந்தன். ஏழு மாசம் முடிந்துவிட்டது."

"பேரனா?" என்றார் தங்கராஜு பின்னாலிருந்து. "யாரு பேரன்?"

"எம் பேரன்ணே. இவன் மவன்."

தங்கராஜு யோகேந்திரனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அப்ப இவன் ஏன் இன்னும் இங்க நிக்கிறான்? அங்கல்ல இருக்கணும்?"

"இவன் திரும்பிப் போவ முடியாதுண்ணே. பெர்மிட்டெல்லாம் கெடையாது, எல்லாம் நாங்க சொன்ன பொய்யி. வந்தா மூணு வருஷத்துக்கு உள்ள விட மாட்டான். தெரிஞ்சேதான் வந்தான். நீங்க போட்ட நோட்டீஸப் பாத்துட்டு வந்தான்."

தங்கராஜுவின் கை சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுவிட்டு விலகியது. கோபத்தில் சொன்னதாக இருந்தால் அவரும் திருப்பிப் பேசியிருப்பார். அவள் கோபப்படவில்லை. மலாய்க்காரப் பெண் மறுபடியும் கண்ணாடியைக் காட்டினாள். பஞ்சாலை விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினாள்.